கூடவே பிறந்த ஸ்லைடு

சலைன் மாவட்டம், நெப்ராஸ்கா
ஜூலை 10, 2023

அன்புள்ள ரூடி அண்ணாவுக்கு,

அப்பா உன்னைப் பற்றிக் கேட்கிறவரை எழுதாதே என்று சொல்லிவிட்டுப் போனாய். அப்பா இன்னும் கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். போனில் என்றால் நான் பாதியில் பேச்சை விட்டுவிடுவேன், நீ அந்தப் பக்கம் "இருக்கியா, இருக்கியா" என்று கத்துவாய். மீன் கம்பெனியின் முகவரி பிளாஞ்ச் அத்தையிடம் இருந்தது.

சனிக்கிழமை பொருட்காட்சித் திடலில் துப்பாக்கிச் சந்தை. அப்பா வரவில்லை. இப்போது காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறார். அத்தையும் நானும் மேசை போட்டோம். உரிமம் அத்தையுடையது, அதனால் எடுத்துக் காட்டுவது, விற்பது, தாள் நிரப்புவது எல்லாம் அவர். நான் சீட்டு எழுதுகிறவள். என் சீட்டுகளை நீ பார்த்ததில்லை. யாரும் என்னிடம் எதுவும் கேட்க வேண்டியிராதபடி எழுதிவிடுவேன். எந்த வருடம், எந்தக் கம்பெனி, எங்கே கீறல், எந்தத் திருகு புதியது, கடைசி விலை என்ன, எல்லாம். அத்தை சொல்கிறார், "ஏண்டி, இது சீட்டா பைபிளா? வர்றவன் படிச்சு முடிக்கறதுக்குள்ள சந்தையே கலைஞ்சிரும்."

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அப்பாவின் இழுப்பறையில் எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு பிஸ்டல் கிடப்பதாக அத்தையிடம் சொன்னேன். ராணுவத்தில் மிஞ்சியதை அரசாங்கம் விற்றபோது, குலுக்கலில் எண் வந்து, எட்டு மாதம் காத்திருந்து அப்பா வாங்கினாரே, அது. கூடவே உன் கையெழுத்தில் ஒரு சீட்டு: "இதாகா கம்பெனி, 1943. எல்லாப் பாகமும் ஒரே தயாரிப்பு. ராணுவக் கிடங்கில் மாற்றப்படாதது." இரண்டையும் வீட்டிலிருந்து எடுத்து வந்து மேசையில் வைத்தோம்.

பத்து மணிக்கு ஆர்லோ பெக் வந்தார். கியர்னியில் மருந்துக் கடை வைத்திருக்கிறாரே, சட்டைப் பையில் சின்ன டார்ச்சோடு அலைவாரே, அவர்தான். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார், "பாப்பா, இதுல எல்லாம் கூடவே பொறந்ததா?" நான் சீட்டைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு அத்தையிடம் சொன்னார், "நாலாயிரத்து இருநூறு. அக்டோபர் சந்தைக்குப் பணத்தோட வரேன். வேற யாருக்கும் குடுத்துராதீங்க. உங்க மாலெக் குடும்பத்து மேசைல எழுதியிருந்தா எனக்கு அது போதும்."

நாலாயிரத்து இருநூறு, அண்ணா. அப்பா கொடுத்தது ஆயிரத்து ஐம்பது. "கடைல புதுசே அறுநூறுக்குக் கிடைக்குது, பட்டாளத்துக்காரன் தூக்கிப் போட்டதுக்கு ஆயிரமா?" என்று நீ சாப்பாட்டு மேசையில் கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்பா தட்டை நகர்த்தி வைத்ததும் ஞாபகம் இருக்கிறது. அவர் சொன்னதுதான் சரி என்று இப்போது ஆகிவிட்டதல்லவா? இது விற்றால் வீட்டில் பேச்சு கொஞ்சம் மாறும் என்று நினைக்கிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் உன்னிடம் கேட்கிறேன்.

உன் தங்கை,
வெரா


கோடியாக், அலாஸ்கா
ஜூலை 29

வெரா,

கடிதம் கிடைத்தது. படகு நேற்றுத்தான் கரைக்கு வந்தது. கையெல்லாம் வீங்கியிருக்கிறது, எழுத்து மோசமாக இருந்தால் அதுதான் காரணம்.

விற்றுவிடு. யோசிக்காதே. அப்பாவிடம் பணம் கைக்கு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். முன்னால் சொன்னால் அவர் மாட்டேன் என்பார், பிறகு ஒரு வாரம் வாயைத் திறக்க மாட்டார். உனக்குத் தெரியாததா.

சீட்டில் இருப்பதற்கு மேல் யாரிடமும் எதுவும் சொல்லாதே. அது உனக்குக் கஷ்டமான காரியம் இல்லை. குழலுக்கு மேல் நகர்கிற ஸ்லைடைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று பெக் கேட்டால், சந்தையில் கழற்றுவதில்லை என்று அத்தையைச் சொல்லச் சொல். வேறு நிபுணர்கள் யாரிடமும் காட்ட வேண்டாம். குறிப்பாக, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து இடது பக்கத்தைத் தடவுகிற ஆட்களிடம் காட்டாதே.

ஒரு விஷயம். எங்கள் படகுக்காரர் மாக், வலையில் கால் பங்கை விற்கிறார். எனக்கு இன்னும் மூவாயிரம் வேண்டும், செப்டம்பர் கடைசிக்குள் என்றார். நான் அக்டோபர் பாதிவரை தள்ளிப் பேசிவிட்டேன். "தம்பி, சம்பளத்துக்கு மீன் பிடிக்கிறவனுக்கு முதுகுதான் போகும். பங்குக்காரனுக்கும் முதுகு போகும், ஆனா கோபம் வராது" என்கிறார். ஆயிரத்து ஐம்பது அப்பாவுடையது. மிச்சம் வந்தது என்னால். அது எப்படி என்று கேட்காதே, வந்தது என்னால். மூவாயிரம் எனக்கு அனுப்பு, மற்றதை வீட்டில் கொடு. அப்பா எதற்காவது செலவு செய்யட்டும். இன்னொரு குலுக்கலுக்குக்கூட எழுதிப் போடட்டும்.

நீ பத்தாவதோடு பள்ளியை விட்டுவிட்டாய் என்று அத்தை எழுதியிருந்தார். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாயில்லை.

ரூடி


நெப்ராஸ்கா
ஆகஸ்ட் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கழற்றக் கூடாது, காட்டக் கூடாது, இடது பக்கத்தைத் தடவக் கூடாது. வாங்கினால் போதும் என்று இருக்கிற ஒருவரைப் பற்றி நீ இவ்வளவு எழுதியிருக்க வேண்டாம். எழுதியதால்தான் எனக்குத் தூக்கம் போயிற்று.

அப்பா ஒவ்வொரு பிஸ்டலுக்கும் ஓர் அட்டை எழுதி வைப்பாரே, அம்மாவின் சமையல் குறிப்புப் பெட்டியில், கொலாச் பன் குறிப்புக்குப் பின்னால். தேடினேன். அந்த எண்ணுக்கு உரிய அட்டை இருக்கிறது. கை நடுங்காத காலத்து எழுத்து. "பிரேம் இதாகா. ஸ்லைடு ரெமிங்டன். குழல் வேறு. கிடங்கில் பிரித்துச் சேர்த்தது. நல்ல பிஸ்டல்."

அத்தையின் கடை மேசையில் இருப்பதில் கைப்பிடியுள்ள பிரேமும் இதாகா, மேலே நகரும் ஸ்லைடும் இதாகா. சீட்டில் எல்லாம் இதாகா. அட்டையில் ரெமிங்டன்.

அப்பா தப்பாக எழுதியிருப்பார் என்று ஒரு நாள் முழுக்க நினைத்துப் பார்த்தேன். அப்பா அப்படித் தப்பு செய்கிறவர் இல்லை.

நேற்று இழுப்பறையைத் திறந்துவிட்டு, "அது எங்க?" என்றார். அத்தை எண்ணெய் போட எடுத்துப் போயிருக்கிறார் என்றேன். அவரிடம் நான் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் நம்பிவிட்டார். நான் அதிகம் பேசுவதில்லை என்பதால் பேசியதை எல்லாரும் நம்புகிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

நீ என்ன செய்தாய் என்று எழுது. அம்மா இருந்தால் கேட்டிருப்பார். இப்போது நான் கேட்கிறேன்.

வெரா


கோடியாக்
செப்டம்பர் 2

வெரா,

சரி. எழுதுகிறேன். நீ மாவட்ட நீதிபதி மாதிரி கேட்கிறாய்.

போன வருடம் பிப்ரவரி, அப்பா பிறந்தநாள். நீ காய்ச்சலில் மாடியில் படுத்திருந்தாய். தானியக் கிடங்கில் வேலை செய்த பணத்தில் எழுநூறு டாலர் கொடுத்து லிங்கனில் ஒருவனிடம் இதாகா ஸ்லைடும் குழலும் வாங்கினேன். இரண்டும் 1943. போலி இல்லை. "இது மட்டும் எல்லாம் ஒண்ணா இருந்திருந்தா மூணு மடங்கு போயிருக்கும்" என்று அப்பா வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். மாட்டினேன், சீட்டும் எழுதினேன், வறுத்த வாத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவர் எடுத்தார். ஸ்லைடை இழுத்தார். "பழசு எங்க?" என்றார். வாழ்த்து இல்லை, நன்றி இல்லை. எனக்கும் கோபம் வந்தது. "வித்துட்டேன்" என்றேன். துணியில் சுற்றிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். மூன்று வாரம் உப்பைக்கூடக் கேட்டு வாங்கவில்லை, எழுந்து வந்து எடுத்துக்கொண்டார். நான்காவது வாரம் நான் பஸ் ஏறினேன்.

இப்போது நீ சொல், யாரை ஏமாற்றினேன்? பட்டாளமே அதைத்தானே செய்தது. ஆயிரம் பிஸ்டலைப் பிரித்துப் பெட்டி பெட்டியாகக் கொட்டி, கிடங்கில் ஒருத்தி கைக்கு வந்த ஸ்லைடை எடுத்து கைக்கு வந்த பிரேமில் மாட்டினாள். அவள் மாட்டினால் சரித்திரம், நான் மாட்டினால் மோசடியா? ஒவ்வொரு பாகமும் நிஜம். சுட்டால் சுடும். பெக் கொடுக்கிற நாலாயிரமும் இரும்புக்கு இல்லை, அவர் தலைக்குள் இருக்கிற கதைக்கு. அந்தக் கதையை நாம் கெடுக்க வேண்டியதில்லை.

மாக் நேற்றும் கேட்டார். அக்டோபர் சந்தை பதினான்காம் தேதி என்றேன். அதுவரை காத்திருப்பேன் என்றார்.

ரூடி


நெப்ராஸ்கா
செப்டம்பர் 14

ரூடிக்கு,

அட்டையின் பின்பக்கத்தை நான் முதலில் பார்க்கவில்லை. அங்கே பென்சிலில் இருக்கிறது: "பிரேமில் இடது பக்கம் கிடங்கின் முத்திரை. மூன்று எழுத்து. தெளிவு."

அத்தையை விளக்குக்கு அடியில் பிடிக்கச் சொல்லிப் பார்த்தேன். முத்திரை இல்லை. அந்த இடம் மற்ற இடத்தைவிட வழவழப்பாக இருக்கிறது. அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "கர்த்தரே, பையன் தேச்சு எடுத்துட்டானே" என்றார்.

ஸ்லைடை மாற்றியதற்கு ஒரு பிறந்தநாள் காரணம் சொன்னாய். முத்திரைக்கு என்ன காரணம்?

வெரா


கோடியாக்
செப்டம்பர் 27

வெரா,

காரணம் இல்லை. முத்திரை இருந்தால் மாற்றப்படாதது என்று யாரும் நம்பமாட்டார்கள். அதுதான். நுண்ணிய உப்புத்தாளால் இரண்டு மாலை தேய்த்தேன், மேலே நிறம் கொடுத்தேன். நன்றாகத்தான் வந்தது என்று நினைத்தேன்.

போன கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டேன். "பழசு எங்க" என்று கேட்பதற்கு முன்னால் அவர் அதை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். பனி பெய்த வெளிச்சம். இடது பக்கத்தைத் திருப்பினார். கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவினார். நீ பார்த்திருக்க வேண்டும். யாரோ செத்த வீட்டில் முகத்தைத் துடைக்கிற மாதிரி இருந்தது. அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வித்துட்டேன் என்று கத்தினேன்.

பதினான்காம் தேதி நீ சொன்னால் எனக்குப் பங்கு போய்விடும். சொல்லாவிட்டால் பெக் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஆயுசுக்கும் சந்தோஷமாக இருப்பார். இரண்டில் ஒன்று. உன் இஷ்டம். இதைப் பற்றி நான் இனி எழுதமாட்டேன்.

ரூடி


நெப்ராஸ்கா
அக்டோபர் 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

சொல்லிவிட்டேன். முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், நீ தேட வேண்டாம்.

வெள்ளிக்கிழமை உன் சீட்டை எடுத்துவிட்டுப் புதுச் சீட்டு எழுதினேன். ஸ்லைடு பிறகு மாட்டியது, குழல் பிறகு மாட்டியது, முத்திரை தேய்க்கப்பட்டது. விலை எழுதவில்லை, தெரியாததால். பெக் வந்து படிப்பார், படித்துவிட்டுப் போய்விடுவார், நான் காபி வாங்கப் போயிருப்பேன். இதுதான் என் திட்டம்.

அவர் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். பழைய தோல் கோட்டு, புதிதாக முடி வெட்டியிருந்தார். சீட்டைப் பார்க்கவேயில்லை. ஜூலையிலேயே படித்தாயிற்றே. நேராக உறையை எடுத்து அத்தை முன்னால் வைத்தார். "ரெண்டு வின்செஸ்டரை வித்தேன், பிளாஞ்ச். பொண்டாட்டி மூஞ்சி குடுத்துப் பேசல. எண்ணிக்கோங்க." அத்தை பேனாவை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் சீட்டை பெக் பக்கம் தள்ளினேன். "படிச்சாச்சு பாப்பா" என்று திருப்பித் தள்ளிவிட்டார்.

எனக்குக் காதில் சத்தம் கேட்டது. அந்தக் கூடத்தில் எப்போதும் இருக்கிற சத்தம் இல்லை, எனக்குள்ளேயே இருந்து வந்தது. "அது கூடவே பொறந்தது இல்ல, சார்" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்றார். மறுபடி சொன்னேன். இந்தத் தடவை மிகவும் சத்தமாக வந்துவிட்டது. பக்கத்து மேசையில் கத்தி விற்கிற இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஸ்லைடும் குழலும் போன வருஷம் மாட்டினது. இடது பக்கம் முத்திரை இருந்துச்சு. தேச்சுட்டோம்."

தேய்த்துவிட்டோம் என்றுதான் சொன்னேன். யார் என்று அவர் கேட்கவில்லை.

டார்ச்சை எடுத்து, சாய்த்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு அத்தையிடம், "ஜூலைல நான் எப்படி இதைப் பாக்காம விட்டேன்?" என்றார். அத்தை, "பாக்கணும்னு வரல, வாங்கணும்னு வந்தீங்க" என்றார். அவர் கோபப்படவில்லை. உறையை உள்ளே வைத்துக்கொண்டார். போய்விட்டார்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். நான் எழுந்து ஓடப் பார்த்தேன். அத்தை என் ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டார்.

"அது முழுசா இருந்தப்போ எனக்குக் காட்டியிருந்தா, கலப்படம்னு தள்ளிட்டுப் போயிருப்பேன்" என்றார் பெக். "இப்ப வண்டில உக்காந்து யோசிச்சுப் பாத்தா, அந்த முத்திரை ஒண்ணுதான் அதுல பொய் சொல்லாம இருந்தது. இன்ன இடத்துக்குப் போச்சு, இன்னார் பிரிச்சாங்க, மறுபடி பட்டாளத்துக்கே போச்சு. ஆயிரம் டாலருக்கு வேற என்ன வாங்கறோம்? அதைத்தான் வாங்கறோம்." பிறகு, "பழைய ஸ்லைடு இருந்தா சொல்லு பாப்பா. நாலாயிரம் தரமாட்டேன். ஆனா வந்து பாப்பேன்."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இழுப்பறையில் இருந்து எடுத்தது, பொய் சொன்னது, பெக், எல்லாம். உன் படகுப் பங்கையும் சொன்னேன். முடித்ததும், "சந்தைல வச்சா சொன்ன? வாயைத் தொறந்து?" என்றார். ஆமாம் என்றேன். "எல்லாருக்கும் கேக்கற மாதிரியா?" கத்திக்காரர்களுக்குக் கேட்டது என்றேன். அவர் சிரித்தார் என்று சொல்லமாட்டேன். உதடு ஓரத்துக்குப் போய்விட்டு வந்தது.

பிறகு சாப்பிட்டோம். தட்டைக் கழுவ வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல், "அவன் நிஜமாவே அந்த ஸ்லைடை வித்துட்டானா? கேளு" என்றார். குழாயைத் திறந்துவிட்டார். "குளுருக்குப் போட ஏதாவது வச்சிருக்கானான்னும் கேளு."

அப்பா கேட்டுவிட்டார், அண்ணா. அதனால் இப்போது நான் எழுதலாம், நீயும் எழுதலாம். பங்கு போனதற்கு என்னைத் திட்ட வேண்டும் என்றால் அதையும் எழுது.

வெரா


கோடியாக்
நவம்பர் 4

வெரா,

திட்டத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்தாயிற்று.

பங்கு போய்விட்டது. மாக்கின் மச்சான் வாங்கிக்கொண்டான், வலையைக் கையில் தொடாதவன். மாக் என்னிடம், "அடுத்த வருஷமும் மீன் வரும், அவன் வருவானான்னு தெரியாது" என்றார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அடுத்த சீசனுக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன்.

இதோடு அனுப்பியிருக்கிற பெட்டியில் இருப்பது கம்பளிக் காலுறை. தூக்கிப் போட்டுவிடாதே, உள்ளே கை விட்டுப் பார். பழைய ஸ்லைடும் குழலும் இருக்கின்றன. லிங்கனில் அந்த ஆளே பதிலுக்குக் கேட்டான், கொடுக்கவில்லை. வித்துட்டேன் என்று சொன்ன நாளில் அவை என் படுக்கைக்கு அடியில்தான் இருந்தன. இந்த இருபது மாதமும் என் பையில் இருந்தன. உப்புக் காற்று. வாரம் ஒரு தடவை எண்ணெய் போட்டேன், துரு ஏறியிருக்காது. படகில் கூட இருப்பவர்கள், அது என்னடா உன் தாத்தா எலும்பா என்பார்கள்.

முத்திரையைத்தான் அனுப்ப முடியாது. தேய்ந்து போன தூளை அன்றைக்கு ஊதிவிட்டேன்.

குளிருக்கு இருக்கிறது என்று அவரிடம் சொல். ஒரு ஜோடி காலுறைதான் குறைகிறது.

ரூடி


நெப்ராஸ்கா
நவம்பர் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

பெட்டி வியாழக்கிழமை வந்தது. துரு இல்லை. அப்பா செய்தித்தாள் விரித்து, அவரே கழற்றி அவரே மாட்டினார். ஒரு திருகு இரண்டு தடவை கீழே விழுந்தது. நான் எடுத்துக் கொடுக்கப் போனபோது, "விடு" என்றார். அவரே குனிந்து எடுத்தார். நாற்பது நிமிடம் ஆயிற்று. மாட்டி முடித்ததும் இடது பக்கத்தைத் திருப்பி, அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தார். இந்தத் தடவை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு என் பக்கம் ஒரு வெற்றுச் சீட்டைத் தள்ளினார்.

என்ன விலை என்று கேட்டேன். வாங்கின விலைக்கும் குறைவு என்றார். விற்கிறோமா என்று கேட்டேன். மேசையில் இருக்கட்டும் என்றார். கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து பஸ் எத்தனை நாள் என்றும் கேட்டார். பஸ் இல்லை, விமானம் என்றேன். அதற்கு எவ்வளவு ஆகும் என்று கேட்கச் சொன்னார். கேட்கிறேன்.

காலுறையைத் துவைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உள்ளே புதுச் சீட்டின் நகல். உன் பெயரைப் போடலாமா என்று உன்னைக் கேட்கவில்லை. தப்பு என்றால் சொல்.

"இதாகா பிரேம். ரெமிங்டன் ஸ்லைடு. குழல் வேறு. கிடங்கில் பிரித்துச் சேர்த்தது. கிடங்கின் முத்திரை 2022 பிப்ரவரியில் ரூடி மாலெக் தேய்த்தது. ஸ்லைடும் குழலும் இருபது மாதம் அலாஸ்காவில் இருந்து திரும்பி வந்தவை. விலை: மேசையில் இருக்கும் பெண்ணைக் கேட்கவும்."

வெரா